எத்தனை முறை என்பதைவிட எந்த முறை

இரண்டாவது தடவை கருவைக் கலைக்க வேண்டிய நிலை வந்தபோது எனக்கு வயது 33. முதல் தடவை 27 வயதில். மூத்தவளுக்கு அப்போது பத்து மாதம். தாய்ப்பால் கொடுக்கிற வரையில் கரு நிற்காது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னதை நம்பியிருந்தேன். அந்த முறை ஒரு தனியார் மருத்துவமனையில் டி அண்ட் சி (கர்ப்பப்பை வாயை விரித்து உள்ளே இருப்பதை எடுப்பது) செய்தார்கள். எங்கள் பக்கத்தில் அதைக் 'கிளீன் செய்வது' என்றுதான் சொல்வார்கள். இரண்டாவது தடவை அரசு மருத்துவமனையில் மாத்திரை. இரண்டையும் என் உடம்பில் பார்த்துவிட்ட பிறகு நான் மாத்திரையின் பக்கம்தான் நிற்கிறேன்.

"திரும்பத் திரும்பக் கலைத்தால் கர்ப்பப்பை கெட்டுப்போகும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தப் பயத்தோடுதான் அரசு மருத்துவமனையில் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்த மருத்துவர், எத்தனை தடவை என்பதைக் குறித்துக்கொண்டு உடனே அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். "முதல் தடவை எப்படிச் செய்தார்கள் அம்மா? சுரண்டினார்களா, உறிஞ்சி எடுத்தார்களா?" ஆறு ஆண்டுகளாக எனக்கே தெரியாத விஷயம் அது. வீட்டிலிருந்த பழைய சீட்டை எடுத்துவந்து காட்டினேன். சுரண்டியிருக்கிறார்கள்.

பச்சைப் பப்பாளி, எள், நாட்டு மருந்து ஆகியவற்றை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை. கருவைக் கலைக்க உள்ளே செருகிய எருக்கங்குச்சியால் சீழ் பிடித்து இறந்த பெண்களின் கதை எங்கள் ஊரில் பாட்டிமாருக்குத் தெரியும். மார்பகப் புற்றுநோய் வரும் என்ற பேச்சுக்கும் ஆதாரம் இல்லை. மிஞ்சுவது மூன்று வழிகள்: மாத்திரை, உறிஞ்சி எடுத்தல், சுரண்டி எடுத்தல்.

இவற்றில் எது ஒன்றுக்கு மேற்பட்ட தடவை தாங்கும் என்பதைத் தீர்மானிப்பது கர்ப்பப்பையின் உள்சவ்வு. அந்தச் சவ்வில் இரண்டு அடுக்குகள் உண்டு. மேலடுக்கு மாதாமாதம் உதிர்ந்து வளர்கிறது. அடியடுக்கு உதிராது, அதிலிருந்துதான் மேலடுக்கு மறுபடி முளைக்கிறது. வயலில் பயிரை அறுப்பதற்கும் மேல்மண்ணையே வெட்டி எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. கூரான உலோகக் கரண்டியால் சுரண்டும்போது, கை சற்று அழுந்தினாலும் அடியடுக்கு பெயர்ந்துவிடக்கூடும். அப்படிப் பெயர்ந்தால் முன்சுவரும் பின்சுவரும் பச்சைப் புண்ணாக ஒன்றையொன்று தொட்டு ஒட்டிக்கொள்கின்றன. 1948இல் இதை விரிவாக விவரித்த மருத்துவரின் பெயரால் ஆஷர்மன் நோய் என்கிறார்கள். மாதவிலக்கு குறையும், சிலருக்கு நின்றே போகும். கரு தங்காமல் போகலாம். தங்கினாலும் நஞ்சுக்கொடி அளவுக்கு மீறி ஆழமாகப் பற்றிக்கொள்ளலாம். ஒரு தடவை சுரண்டிய எல்லோருக்கும் இது வருவதில்லை. ஆனால் சுரண்டும் தடவைகள் கூடக் கூட வாய்ப்பும் கூடுகிறது. அடுத்த பிரசவம் குறைமாதத்தில் நேரும் வாய்ப்பும் சற்று உயர்வதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

டி அண்ட் சிக்குப் பிறகு எனக்கு ஏழெட்டு மாதங்கள் மாதவிலக்கு ஒன்றரை நாளோடு நின்றது. பிறகு சரியாகி, மகனும் பிறந்தான். ஆனால் அந்தப் பிரசவத்தில் நஞ்சுக்கொடி தானாக வெளிவராமல் கையை விட்டு எடுக்க வேண்டியிருந்தது. பழைய சுரண்டல்தான் காரணமா என்று கேட்டேன். இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். நானும் அதற்கு மேல் சொல்லவில்லை.

உலக சுகாதார நிறுவனம் கூரான கருவியால் சுரண்டும் முறையைக் கைவிடச் சொல்லிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் நம் பக்கத்தில் அது இன்னும் நடக்கிறது. கோபம் வருகிறது. மயக்கத்தில் படுத்திருக்கும் பெண்ணுக்கு எந்தக் கருவி உள்ளே போகிறது என்பது தெரிவதே இல்லை.

மாத்திரை வேலை செய்யும் விதம் வேறு. முதல் மாத்திரையான மிஃபெப்ரிஸ்டோன் 200 மில்லிகிராம், கருவைத் தாங்கும் புரோஜெஸ்டிரோனின் வேலையைத் தடுக்கிறது. ஒன்று அல்லது இரண்டு நாள் கழித்து மிசோப்ரோஸ்டால் நான்கு மாத்திரைகள் கர்ப்பப்பையைச் சுருங்கவைத்து வெளியே தள்ளுகின்றன. உள்ளே கருவி எதுவும் நுழைவதில்லை. அடியடுக்கை எதுவும் தொடுவதில்லை. மருந்தும் சில நாள்களில் உடலை விட்டுப் போய்விடுகிறது. முன்பு ஒருமுறை சுரண்டப்பட்ட கர்ப்பப்பைக்கு இதைவிட இதமான வழி எனக்குத் தென்படவில்லை.

ஸ்கேனில் ஆறு வாரம் நான்கு நாள் என்று வந்தது. முதல் மாத்திரையை மருத்துவமனையிலேயே விழுங்கினேன். இரண்டு நாள் கழித்து நான்கையும் கன்னத்துக்குள் அரை மணி நேரம் அடக்கிவைத்தேன். குளிர் நடுக்கம், வயிற்றுப்போக்கு, பிறகு பிரசவ வலியை நினைவூட்டும் வலி. மூன்றாம் மணி நேரத்தில் கட்டிகளாகப் போனது. அன்று முழுவதும் உதிரம் அதிகம். அதன்பின் பதினொரு நாள் சிறுகச் சிறுகப் போனது. ஹீமோகுளோபின் 10.2இலிருந்து 9.1க்கு இறங்கியது. மாத்திரைக்கு எதிராக நான் சொல்லக்கூடிய பெரிய குறை இதுதான். தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருக்கும்போது இதைச் சிறிதாக எண்ண முடியாது. கலைத்தல் அடுத்தடுத்து வந்தால், மாத்திரையில் சேர்ந்துகொண்டே போவது ரத்த இழப்பு. நான் மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டேன்.

இன்னொன்று முக்கியம். நூற்றில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு மாத்திரையில் முழுதாக வெளியேறாது. ஸ்கேன் இல்லாமல், நாள் கணக்குத் தெரியாமல் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டால் அந்த எண்ணிக்கை கூடும். கடைசியில் அதே கரண்டியிடம் போய் நிற்க வேண்டிவரும். கரு கர்ப்பப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கியிருந்தால் மாத்திரை அதைக் கலைக்காது, உயிருக்கே ஆபத்து. ஒன்பது வாரத்துக்குள், ஸ்கேன் பார்த்த பிறகு என்பதுதான் மாத்திரையின் பலம். ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய நாப்கின்கள் நனைந்து, அது இரண்டு மணி நேரம் தொடர்ந்தால் காத்திருக்கக் கூடாது. ஒருநாளைக்கு மேல் காய்ச்சல் நீடித்தாலும், நாற்றம் அடித்தாலும் அப்படியே.

உறிஞ்சி எடுக்கும் முறையை நான் செய்துகொண்டதில்லை. என் நாத்தனாருக்குச் செய்தபோது கூட இருந்தேன். மென்மையான குழாய், கையால் இயக்கும் சிரிஞ்சு, பத்து நிமிடத்துக்குள் முடிந்தது. அன்று மாலையே வீடு திரும்பினாள். ரத்த இழப்பு மாத்திரையைவிடக் குறைவு, சுரண்டலின் சேதமும் பெரும்பாலும் இல்லை, காப்பர் டியை அதே வேளையில் பொருத்திக்கொள்ளலாம். ஹீமோகுளோபின் எட்டுக்குக் கீழே உள்ளவர், ஒன்பது வாரம் தாண்டியவர், இரவில் அவசரம் என்றால் மருத்துவமனைக்கு ஓட வசதியில்லாதவர் என்றால் நானே இதைத்தான் சொல்வேன். மாத்திரை முழுமையாகாதவர்களும், சுரண்ட வேண்டாம், உறிஞ்சி எடுங்கள் என்று வாய்திறந்து கேட்க வேண்டும். நாத்தனாருக்கு நெகட்டிவ் ரத்த வகை. அடுத்த கருவுக்குப் பாதிப்பு வராமலிருக்க ஆன்டி-டி ஊசியும் போட்டார்கள். அந்த வகைக்காரர்கள் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

எத்தனை தடவை என்பதற்குச் சட்டத்தில் வரம்பு இல்லை. கையெழுத்து என்று வந்தால், 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். முதல் தடவை என் கணவர் கையெழுத்துப் போடும்வரை அந்தத் தனியார் மருத்துவமனையில் காக்கவைத்தார்கள். அதற்குச் சட்டத்தில் இடமே இல்லை என்று அன்று எனக்குத் தெரியாது. 2022இல் உச்ச நீதிமன்றம் திருமணமாகாத பெண்களுக்கும் இதே உரிமை உண்டு என்று சொல்லிவிட்டது.

கலைத்த எட்டாம் நாளிலேயே கூடக் கருமுட்டை வெளிவரலாம் என்று மருத்துவர் சொன்னபோது திடுக்கிட்டேன். மாதவிலக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் முதல் தடவை இருந்தேன். இம்முறை இரண்டு வாரம் கழித்து எடுத்த ஸ்கேனில் கர்ப்பப்பை காலி என்று தெரிந்ததும், அதே அறையில், அதே கட்டிலில் காப்பர் டி பொருத்திக்கொண்டேன்.