ஆர்எஃப்சி தொகுப்பு: காசு கொடுத்ததைவிட இது தேவலை

கணினிகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கிய கதையைத் தோண்டலாம் என்று உட்கார்ந்ததும் நான் செய்த முதல் வேலை, ஒரு ஆவணக் களஞ்சியத்துக்கு ஓராண்டுச் சந்தா கட்டியது. பெயர் வேண்டாம். பழைய இதழ்களை ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள், சரி, ஆனால் மோடம் என்று தேடினால் பாதி சிக்காது, ஏனென்றால் ஆங்கில 'எம்' எழுத்தை அவர்களுடைய மென்பொருள் 'ஆர்', 'என்' என்று இரண்டாகப் படித்து, மோடத்தையெல்லாம் மாடர்ன் ஆக்கி வைத்திருக்கிறது. கடைசியில் மாடர்ன் என்று தேடித்தான் 1962இல் வந்த பெல் 103 மோடத்தைப் பிடித்தேன். அதன் வேகம் நொடிக்கு 300 பிட். என் தேடலும் ஏறக்குறைய அதே வேகம்தான்.

அப்புறம்தான் ஆர்எஃப்சி (Request for Comments, 'கருத்து சொல்லுங்கள்' என்று பொருள்) பக்கம் வந்தேன். இலவசம், கணக்குத் தொடங்கக்கூட வேண்டாம். இணையத்தின் முன்னோடியான அமெரிக்க வலையமைப்பு ஆர்ப்பாநெட்டைக் கட்டிய ஆட்கள் தங்களுக்குள் சுற்றுக்கு விட்ட குறிப்புகள் 1969இலிருந்து எண் வரிசையில் இருக்கின்றன. காகிதத்தில் இருந்த ஆரம்பகாலக் குறிப்புகள் பலவற்றைத் தன்னார்வலர்கள் பிற்பாடு கையால் தட்டச்சு செய்திருக்கிறார்கள், அதனால் தேடினால் கிடைக்கிறது.

முதல் குறிப்பு, லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் யுசிஎல்ஏ பல்கலைக்கழக மாணவர் ஸ்டீவ் கிராக்கர் எழுதியது, 1969 ஏப்ரல் 7. இதில் உறுதியானது கொஞ்சம்தான், கருத்துகளை எதிர்பார்க்கிறோம் என்கிறார். அவர் பேசும் ஐஎம்பி எந்திரம் (கணினியை வலையமைப்போடு இணைக்கும் பெட்டி) யுசிஎல்ஏவுக்கு வந்து சேர்ந்ததே ஆகஸ்ட் கடைசி வாக்கில். கண்ணால் பார்க்காத பெட்டிக்கு விதி எழுதியிருக்கிறார்கள்! அக்டோபர் 29 அன்று அங்கிருந்து எஸ்ஆர்ஐ என்ற ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்துக்கு 'லாகின்' என்று அனுப்பப் பார்த்தபோது இரண்டே எழுத்து போனதும் எதிர்முனைக் கணினி படுத்துவிட்டது என்பதை இந்தத் தடுமாற்றங்களையெல்லாம் படித்த பிறகு கேட்டால் சிரிப்பு வரவில்லை, இரண்டு எழுத்தாவது போனதே என்றுதான் தோன்றுகிறது. மூன்றாம் குறிப்பையும் விடாதீர்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம், மெருகு வேண்டாம், ஒரு வாக்கியம் இருந்தால் போதும் என்று அதில் கிராக்கர் சொல்லிவிடுகிறார். 602ஆம் எண்ணில், எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல் வைக்கிறார்களே என்று வலையமைப்புப் பொறியாளர் பாப் மெட்காஃப் நொந்துகொள்கிறார். தேதியை இரண்டு முறை பார்த்தேன், 1973 டிசம்பர்தான்.

குறை இல்லாமல் இல்லை. புதிதாக வருபவருக்கு யார் எவர் என்றே புரியாது. 14ஆம் எண்ணைத் தேடி அலையாதீர்கள், அது வெளியாகவே இல்லை. 1969க்கு முந்தைய கதையும் இங்கே கிடையாது; அதற்கு ரேண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் தளத்தில், அங்கே வேலை பார்த்த பால் பாரனின் 1964 அறிக்கைகளைப் படிக்க வேண்டும், அவையும் இலவசம். அணுகுண்டுக்குத் தாக்குப்பிடிக்கும் வலை என்பது அவருடைய ஆய்வு. ஆர்ப்பாநெட்டைக் கட்டியது தொலைவில் இருக்கும் கணினிகளைப் பகிர்ந்துகொள்வதற்காக. இரண்டையும் போட்டுக் குழப்பாத கட்டுரையை நான் பார்த்ததே அபூர்வம். ஆட்களின் குரலில் கேட்க வேண்டுமென்றால், மினசோட்டா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் பாபேஜ் இன்ஸ்டிடியூட் நேர்காணல்கள்.

சந்தா இன்னும் நான்கு மாதம் ஓடும். மாடர்ன் என்று தேடுவதற்கு மட்டும் உள்ளே போகிறேன்.