14 செடிகளைக் கொன்ற பிறகு: வீட்டுக்குள் செடி வளர்த்த 3 ஆண்டு அனுபவம்

சென்னையில் மூன்றாவது மாடி வீட்டுக்குக் குடிவந்த சூட்டோடு, சாலையோர நர்சரி ஒன்றில் ஒரே நாளில் 6 செடிகள் வாங்கினேன். அரிகா பனை, மணி பிளான்ட், பீஸ் லில்லி, குரோட்டன்ஸ், ஒரு பெரணி, மஞ்சள் கரை போட்ட ஸ்னேக் பிளான்ட். அது ஜூன் மாதம். பொங்கலுக்கு மிஞ்சியவை இரண்டு. பிறகு வாங்கியவற்றையும் சேர்த்தால் இதுவரை 14 செடிகள் என் கையால் போயிருக்கின்றன. இன்று உயிரோடு இருப்பவை 11. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வாங்கியதற்குக் காரணம், செடிகள் அறைக் காற்றைச் சுத்தம் செய்யும் என்ற பேச்சு. அதற்கு எல்லோரும் சாட்சிக்கு இழுக்கும் 1989 நாசா ஆய்வு, மூடிய சிறு பெட்டிகளுக்குள் நடந்தது. ஜன்னல் திறந்திருக்கும் வீட்டுக்கு அது பொருந்தாது. பச்சையைப் பார்க்கப் பிடித்தால் வாங்கலாம், அவ்வளவுதான்.

செத்தவற்றில் பெரும்பாலானவை தண்ணீரில் மூழ்கிச் செத்தன. வேர் அழுகினால் அதனால் நீரை உறிஞ்ச முடியாது, இலை துவளும். துவண்ட இலையைப் பார்த்தால் புதியவன் என்ன செய்வான்? இன்னொரு செம்பு ஊற்றுவான். நானும் ஊற்றினேன்.

அரிகா பனையின் கதை இதற்கு நேர் எதிர். தினமும் தண்ணீர் ஊற்றியும் நுனி கருகி, ஓலை ஓலையாகக் காய்ந்தது. கடைசியில் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். நான் போட்ட தென்னைநார்க் கலவை சொதசொதவென்று ஈரமாக இருந்தது. நடுவில், நர்சரியிலிருந்து வந்த களிமண் உருண்டை, தேங்காய் அளவில், செங்கல் போல இறுகிக் கிடந்தது. கரண்டியால் தட்டி உடைத்தால் உள்ளே தூள். ஊற்றியதெல்லாம் உருண்டையைச் சுற்றிக்கொண்டு அடித்துளை வழியாக வெளியேறியிருக்கிறது. தண்ணீருக்கு நடுவில் தாகத்தால் செத்த செடி!

இப்போது புதுச் செடி வந்தால் ஒரு வாரம் நிழலில் அப்படியே வைத்திருக்கிறேன். தொட்டி மாற்றும் நாளில் அந்த உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, வேர் அறாமல் களிமண்ணை விரலால் கரைத்த பிறகுதான் நடுகிறேன்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் என்று கேட்பவர்களிடம் சொல்ல என்னிடம் பதில் இல்லை. மே மாதத்தில் இரண்டாம் நாளே காய்கிற அதே தொட்டி, நவம்பர் மழையில் பத்து நாளானாலும் காய்வதில்லை. காஸ் சிலிண்டரைத் தூக்கி ஆட்டி எவ்வளவு மிச்சம் என்று பார்ப்போமே, அதேபோல் தொட்டியை ஒரு கையால் தூக்கிப் பார்க்கிறேன். கனமாக இருந்தால் தண்ணீர் ஊற்றாமல் விட்டுவிடுவேன். இந்தப் பழக்கம் கைவர எனக்கு ஒன்றரை ஆண்டு ஆனது.

இன்னொரு சிக்கனம் பீஸ் லில்லியைப் பலிகொண்டது. குடிநீர் ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் நீரை வீணாக்குவானேன் என்று செடிகளுக்கு ஊற்றிவந்தேன். இயந்திரம் பிரித்தெடுத்த உப்பு முழுவதும் அந்த நீரில்தான் இருக்கிறது என்பது தோன்றவே இல்லை. மண்தொட்டியின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்த பிறகுதான் உறைத்தது. அந்த நீர் இப்போது கழிவறை கழுவப் போகிறது.

குரோட்டன்ஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெயில் கேட்கும் செடியை வரவேற்பறை மூலையில் வைத்தேன். நிறம் வெளுத்தது, மாவுப்பூச்சி அப்பியது. ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில துளி சோப்புக் கரைசல் கலந்து வாரந்தோறும் அடித்தும் பயனில்லை. பூச்சி போனாலும் வெயில் வந்துவிடாதல்லவா?

முதல் நாள் வாங்கியவற்றில் இன்றும் இருப்பவை மணி பிளான்டும் ஸ்னேக் பிளான்டும். பின்னது நம் ஊர் மருள் என்ற செடியின் ஆப்பிரிக்க உறவு. நான் மறந்துபோன வாரங்களில்தான் நன்றாக வளர்ந்தது. போன ஆண்டு அதன் இலை ஒன்றை வெட்டி, இரண்டு நாள் காயவிட்டு மணலில் நட்டேன். மூன்று மாதம் கழித்து வந்த குருத்தில் மஞ்சள் கரையே இல்லை, முழுப் பச்சை. மறுபடியும் எதையோ கெடுத்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். இலையிலிருந்து வளர்த்தால் கரை வராதாம். கிழங்கைப் பிரித்து நட்டால்தான் வருமாம். தாய் ஒரு நிறம், பிள்ளை ஒரு நிறம், இரண்டும் இப்போது ஒரே ஜன்னலில் இருக்கின்றன.