பிளான் அப்ரூவல் மறுத்துட்டாங்களா? பாளையங்கோட்டை வக்கீலம்மா, ஐந்துக்கு நாலு

பாளையங்கோட்டை கோர்ட்டைச் சுற்றி சொத்து வக்கீல்களுக்குப் பஞ்சமில்லை. கட்டட அனுமதி மறுத்த உத்தரவை எதிர்த்து எழுதத் தெரிந்தவர்கள்தான் கொஞ்சம்பேர். நான் போன வக்கீலம்மா அதில் ஒருவர். வக்கீல்கள் விளம்பரம் செய்யக்கூடாது என்று விதி இருப்பதால் பெயர் போடவில்லை.

என் விவகாரம் இது. ஐந்து சென்ட் மனை, கீழே பலசரக்குக் கடை, மேலே வீடு. வெறும் வீடு என்றால், விதிப்படி கட்டுகிறேன் என்று நாமே சான்று கொடுக்கும், 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்திலேயே முடிந்திருக்கும். 2,500 சதுர அடி மனை, 3,500 சதுர அடி கட்டடம் வரை அதில் உடனடி அனுமதி. கடை இருப்பதால் முறைப்படி விண்ணப்பித்தேன். உள்ளாட்சியிலிருந்து வந்த பதில், 'விதிகளுக்கு உட்படாததால் நிராகரிக்கப்படுகிறது.' அவ்வளவுதான். 2019-ஆம் வருஷத்து ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் எந்த விதி என்று நானே தேடிக்கொள்ள வேண்டுமாம்!

நேரே மதுரை ஹைகோர்ட் கிளைக்குப் போய் ரிட் (அரசு உத்தரவை எதிர்த்து ஹைகோர்ட்டில் போடும் மனு) போடு என்று மச்சான் சொன்னார். வக்கீலம்மா கேட்டதும் சிரித்துவிட்டார். "அதுக்குள்ள மதுரைக்கு எதுக்கு அண்ணாச்சி? 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்துல 79-ஆவது பிரிவுல அப்பீல் இருக்கு. அதை விட்டுட்டுப் போனா முதல் கேள்வியே அதுதான் வரும். ஜட்ஜ் உங்க பிளான்ல கையெழுத்துப் போட மாட்டாரு. உத்தரவு போட்ட முறை சரியான்னு பார்ப்பாரு. தப்புன்னா திரும்ப அதே ஆபீசுக்குத்தான் அனுப்புவாரு." இதைச் சொல்லாமல் ரிட்டுக்கு பீஸ் வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை.

முதலில் தகவல் உரிமைச் சட்டத்தில் கோப்பின் நகலை வாங்க வைத்தார். ஆய்வுக் குறிப்பில் வண்டி நிறுத்த இடம் போதாது என்று எழுதியிருந்தது. உத்தரவிலோ அந்தப் பேச்சே இல்லை. அப்பீல் மனுவில் அவர் பிடித்த பிடி இதுதான். ஓர் உத்தரவு அதில் எழுதிய காரணத்தோடுதான் நிற்க வேண்டும், பிறகு கோர்ட்டில் தரும் அபிடவிட்டில் (உறுதிமொழிப் பத்திரத்தில்) புதுக் காரணம் சேர்க்க முடியாது என்று மொகிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1977-லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் பிளானை மாற்றி வரையச் சொல்லி இன்ஜினியரையும் விரட்டினார். "கேஸ் ஜெயிச்சாலும் வண்டி நிக்க இடம் வேணும்லா!"

அப்பீல் பைல் தூங்கியது. அதன்பிறகுதான் மதுரை, அதுவும் அப்பீலைக் கெடுவுக்குள் முடிக்கச் சொல்லி ஓர் உத்தரவு வாங்க மட்டும். அங்கே வேறு வக்கீல் ஆஜரானார், தனி பீஸ். மதுரைக் கிளை வந்த 2004-க்கு முந்தி என்றால் இதற்கும் சென்னைக்கு ரயில் ஏறியிருக்கணும். கடைசியில் நிராகரிப்பு ரத்தாகி, விண்ணப்பம் மறுபரிசீலனைக்கு வந்து, மாற்றிய பிளானுக்கு அனுமதி கிடைத்தது. கடையில் ஒரு ஷட்டர் போச்சு, அந்த இடத்தில் இப்போது பைக் நிற்கிறது.

அப்பீலுக்கு 20,000 ரூபாய், டைப்பிங் செலவு உள்பட. முதல் நாளே தாளில் எழுதிக் கொடுத்தார், ரசீதும் தந்தார்.

ஒரு நட்சத்திரம் குறைந்தது குமாஸ்தாவால். போன் எடுக்க மாட்டார், எடுத்தால் "அம்மா கோர்ட்ல இருக்காங்க". சாயங்காலம் சேம்பருக்குப் போனால் டோக்கனும் கிடையாது, முந்தி வந்தவர் முந்தி என்பதும் கிடையாது. அவருக்குத் தெரிந்த முகம் முந்தி.

அனுமதி இல்லாமல் மாடி எடுத்துவிட்டு ஸ்டே கேட்டு வருபவர்களை வக்கீலம்மா பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுகிறார். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்துமீறிய கட்டடங்கள் மீது கடுமை காட்டிய பிறகு, அதில் பீஸ் வாங்குவது பாவம் என்கிறார். மறுப்பு உத்தரவு வாங்கியவர்கள் தாராளமாகப் போகலாம். உத்தரவு எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்பதற்குத் தபால் கவரோ ஆன்லைனில் இறக்கியதற்கான அத்தாட்சியோ கொண்டுபோங்கள். அப்பீல் கெடு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடுகிறது, அவர் முதலில் கேட்பதும் அதைத்தான்.