ஆன்ஃபீல்டு வாசலில் நின்ற இரண்டு பேர்: 340 பவுண்டு போன கதை

நேற்று இரவு பர்மிங்காமில் படிக்கும் சித்தி மகள் ஒரு வீடியோவை அனுப்பி, "அண்ணா, இதை நம்பலாமா?" என்று கேட்டாள். பதினொரு விநாடி வீடியோ. இடது மூலையில் கீறல் விழுந்த போன், திரையில் சிவப்பு நிறத்தில் இரண்டு கால்பந்து டிக்கெட், அவற்றை மேலும் கீழும் தள்ளிக்காட்டும் ஒரு கட்டைவிரல். எந்த மேட்ச் என்று எழுதியிருக்கும் இடம் மட்டும் மங்கலாக இருந்தது. அந்தக் கட்டைவிரலை எனக்கு நன்றாகத் தெரியும். 2024 நவம்பர் கடைசியில் என்னிடமும் என் அறைத்தோழனிடமும் 340 பவுண்டு வாங்கிய கட்டைவிரல் அது.

இதை எழுதக் கூச்சமாகத்தான் இருந்தது. லிவர்பூலுக்கு எம்.எஸ்ஸி. படிக்க வந்தவன் இப்படியா ஏமாறுவான் என்று சிரிப்பீர்கள். பரவாயில்லை, சிரித்துவிட்டுப் படியுங்கள். வீடியோ இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அந்த மேட்ச் லிவர்பூலுக்கும் மான்செஸ்டர் சிட்டிக்கும். டிசம்பர் 1, ஞாயிறு, மாலை 4 மணி, லிவர்பூல் அணியின் ஆன்ஃபீல்டு மைதானம். என் அறைத்தோழன் திருநெல்வேலிக்காரன், அப்போது லிவர்பூலுக்கு ஆடிய சலாவின் பரம பக்தன். ஊரில் இருந்தபோது நள்ளிரவு தாண்டியும் டிவி முன்னால் உட்கார்ந்து திட்டு வாங்கியவன். இப்போது லிவர்பூலிலேயே குடியிருக்கிறோம், மைதானம் எங்கள் அறையிலிருந்து நடக்கும் தூரம். ஆனால் டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிளப்பில் காசு கட்டி உறுப்பினராக வேண்டும், பிறகு குலுக்கலில் பெயர் வர வேண்டும். நாங்கள் செப்டம்பரில் வந்து இறங்கியபோது சீசனின் முதல் பாதிக்கான குலுக்கல் எப்போதோ முடிந்திருந்தது.

இந்த நிலைமையில்தான் எங்கள் தமிழ் மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. அனுப்பியவர் எங்களுக்கு மூன்று வருடம் சீனியர். லிவர்பூலில் இறங்கிய அன்று ரயில் நிலையத்துக்கு வந்து எங்கள் பெட்டியைத் தூக்கியவர், முதல் வாரம் சோறு போட்டவர். அவர் எண்ணிலிருந்து, "என் நண்பனுக்கு அவசர வேலை, சிட்டி மேட்ச் டிக்கெட் இரண்டு இருக்கிறது, ஆளுக்கு 170" என்று ஆங்கிலத்தில் வந்தது. கூடவே அந்த வீடியோ.

170 என்பது கிளப் விற்கும் சாதாரண டிக்கெட்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் இணையத்தில் இதே மேட்சுக்கு இதைவிடப் பல மடங்கு கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால் கொள்ளை விலை என்று தோன்ற வேண்டியது, அண்ணன் நமக்காகக் குறைத்துச் சொல்கிறார் என்று தோன்றியது. மோசடி செய்பவன் விலையைச் சரியான இடத்தில் வைத்திருந்தான் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். 60 பவுண்டு என்றிருந்தால் சந்தேகம் வந்திருக்கும், 400 என்றிருந்தால் வாங்கியே இருக்க மாட்டோம்.

தனியாகச் செய்தி அனுப்பினேன். "ஹாய் டியர், ஸ்டில் அவைலபிள்" என்று பதில் வந்தது. இந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். அந்த அண்ணன் வாழ்க்கையில் யாரையும் டியர் என்று கூப்பிட்டவர் இல்லை. "டேய் தம்பி, சாப்டியா" என்பதுதான் அவர் வழக்கம், அதையும் பாதி தமிழ், பாதி ஆங்கில எழுத்தில் தட்டுவார். போன் போட்டேன், எடுக்கவில்லை. "டூட்டியில் இருக்கிறேன், பேச முடியாது" என்று வந்தது. அவர் முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்ப்பவர், அதனால் அதையும் நம்பினேன். நான் கூப்பிட்டது வாட்ஸ்அப் வழியாக. சாதாரண அழைப்பாகக் கூப்பிட்டிருந்தால் அவரே எடுத்திருப்பார், கதை அங்கேயே முடிந்திருக்கும்.

பணம் அனுப்பும்போது வங்கிச் செயலி தெளிவாகவே எச்சரித்தது. நான் அடித்த பெயரும் அந்தக் கணக்கில் உள்ள பெயரும் பொருந்தவில்லை என்று. கேட்டதற்கு, "ஹவுஸ்மேட் அக்கவுண்ட், என்னுடையதில் லிமிட் முடிந்துவிட்டது" என்றான். தொடரலாம் என்ற பொத்தானை அழுத்தினேன். 340 பவுண்டு, அன்றைய கணக்கில் சுமார் 36,000 ரூபாய். வகுப்புகள் நடக்கும் காலத்தில் எங்களுக்கு வாரம் இருபது மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய விசாவில் அனுமதி கிடையாது. அப்போது குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11.44 பவுண்டு. அதாவது ஏறக்குறைய முப்பது மணி நேரம் தட்டு கழுவிய காசு, ஒரே அழுத்தில் போய்விட்டது.

அரை மணியில் ஒரு பிடிஎஃப் வந்தது. கியூஆர் குறி, இருக்கை எண், வாசல் எழுத்து எல்லாம் கச்சிதம். அறைத்தோழன் அதை அம்மாவுக்கு அனுப்பினான். நான் என் தம்பிக்கு அனுப்பினேன்.

மேட்ச் அன்று இரண்டு மணிக்கே கிளம்பிவிட்டோம். பஸ்ஸில் ஏறாமல் கூட்டத்தோடு நடந்தே போனோம், அதுவும் ஒரு ஆசை. மூன்றேகால் மணிக்கு வாசலில் நின்றோம். முன்னால் போனவர்கள் எல்லோரும் தங்கள் போனைச் சுவரில் இருந்த ஒரு ரீடரில் ஒட்டவைத்தார்கள், பச்சை விளக்கு எரிந்தது, கம்பிக் கதவு சுழன்றது. யாரும் கியூஆர் காட்டவில்லை. காட்ட இடமே இல்லை! காண்டாக்ட்லெஸ் கார்டு மாதிரி, போனின் வாலெட்டில் ஏறிய பாஸை வைத்துத்தான் அங்கே உள்ளே போக முடியும். நான் பிடிஎஃப்பைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கே நீட்டுவது என்று தேடினேன்.

மஞ்சள் கோட்டு போட்டிருந்த பணியாளர், வயதான மனிதர், என் போனைப் பார்த்த உடனே முகம் மாறினார். கோபம் இல்லை, பரிதாபம். "எவ்வளவு கொடுத்தாய், மகனே?" என்றுதான் முதலில் கேட்டார். சொன்னேன். டிக்கெட் அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லச் சொன்னார், ஆனால் உள்ளே விட வழியில்லை என்றும் சொன்னார். அலுவலகத்தில் எங்களுக்கு முன்னால் ஏற்கெனவே ஐந்தாறு பேர் வரிசையில் நின்றார்கள். இருவர் நார்வேயிலிருந்து விமானம் பிடித்து வந்தவர்கள். எங்களுக்கு அறைக்கு நடந்து போனால் போதும் என்பதில் அப்போது ஒரு கேவலமான ஆறுதல் இருந்தது.

அங்கிருந்து அண்ணனைச் சாதாரண அழைப்பில் கூப்பிட்டேன். தூக்கக் கலக்கத்தில் எடுத்தார். "என் வாட்ஸ்அப் போய் மூணு நாள் ஆச்சுடா. யாரோ ஆறு இலக்க நம்பர் தப்பா வந்துடுச்சுன்னு கேட்டாங்க, அனுப்பிட்டேன்" என்றார். அந்த ஆறு இலக்கம்தான் கணக்கை இன்னொரு போனுக்கு மாற்றும் சாவி. கேட்டவனும் அவர் நண்பர் ஒருவரின் பெயரில்தான் வந்திருக்கிறான், அந்த நண்பரின் கணக்கும் ஏற்கெனவே போயிருந்தது. இப்படி ஒருவர் பெயரில் இன்னொருவரைப் பிடித்துச் சங்கிலியாகப் போகிறது. வாட்ஸ்அப்பில் இரண்டாம் அடுக்குக்கு ஒரு பின் எண் வைக்கும் வசதி இருக்கிறது. அண்ணன் வைத்திருக்கவில்லை. இதைப் படிப்பவர்களில் பாதிப்பேரும் வைத்திருக்க மாட்டீர்கள், எழுந்து போய் வையுங்கள்.

நான்கு மணிக்கு அங்கே இருட்டிவிடும். விளக்குகள் மைதானத்துக்கு மேலே வெள்ளையாக எழும்பி நின்றன. உள்ளே பாடினார்கள், வெளியே நின்று கேட்டோம். தம்பி சென்னையிலிருந்து, "டிவில பாத்துட்டு இருக்கேன், எந்தப் பக்கம் உக்காந்திருக்க?" என்று கேட்டான். பதில் போடவில்லை. பன்னிரண்டாவது நிமிடம் ஒரு சத்தம் எழுந்தது, காலடியில் தரை அதிர்ந்தது போல இருந்தது. லிவர்பூலின் காக்போ கோல். சலாவின் பெனால்டிக்கு முன்பே அறைக்குப் போய்விட்டோம். லிவர்பூல் 2-0. அறைத்தோழன் ஒரு வாரம் மேட்ச் பற்றி யாரிடமும் பேசவில்லை.

போகும் வழியில் மைதானத்தை ஒட்டிய 97 அவென்யூ என்ற தெருவில் உள்ள நினைவிடத்தைக் கடந்தோம். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் கூட்ட நெரிசலில் சிக்கி இறந்த லிவர்பூல் ரசிகர்களின் பெயர்கள். அதற்கும் எங்கள் டிக்கெட்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று அப்போது தெரியாது. அந்த விபத்தை விசாரித்த நீதிபதி டெய்லரின் 1990 அறிக்கை, டிக்கெட்டைக் கள்ளச்சந்தையில் விற்பதைக் குற்றமாக்க வேண்டும் என்றது. 1994இல் சட்டமே வந்துவிட்டது. இங்கிலாந்தில் இசைக் கச்சேரி டிக்கெட்டை மறுவிற்பனை செய்யலாம், கால்பந்து டிக்கெட்டைக் கிளப்பின் அனுமதியில்லாமல் விற்பது குற்றம். அசல் விலைக்கு விற்றாலும் குற்றம்தான். எந்த அணியின் ரசிகர் எந்தப் பக்கம் உட்கார்கிறார் என்பது இங்கே உயிர் விஷயமாகப் பார்க்கப்படுகிறது. ஆக, அண்ணனே உண்மையில் எனக்கு விற்றிருந்தாலும் அது தப்பான வியாபாரம்தான். குழுவில் இருந்த நாற்பது பேரில் ஒருவருக்கும் இது தெரியவில்லை.

அப்புறம் வங்கி. அன்று இரவே கூப்பிட்டுச் சொன்னேன். நான்கு நாளில், "எச்சரிக்கை காட்டியும் நீங்களே தொடர்ந்தீர்கள், பணம் தர இயலாது" என்று இரண்டு வரியில் கடிதம். என் தப்பு எனக்குத் தெரியும். ஆனால் அதோடு விடாமல் படித்துப் பார்த்ததில், 2024 அக்டோபர் 7 முதல் ஒரு விதி அமலில் இருப்பது தெரிந்தது. இங்கிலாந்துக் கணக்கிலிருந்து இன்னொரு இங்கிலாந்துக் கணக்குக்கு ஏமாந்து பணம் அனுப்பியவருக்கு வங்கி திருப்பித் தந்தாக வேண்டும். அனுப்பிய வங்கியும் வாங்கிய வங்கியும் பாதிப் பாதி ஏற்க வேண்டும். படுமோசமான அலட்சியம் என்று வங்கி நிரூபித்தால்தான் மறுக்கலாம், ஒரு எச்சரிக்கையைத் தாண்டிப் போனது மட்டுமே அதற்குப் போதாது. இதைத் தொலைபேசிப் பெண்மணி ஒருமுறைகூடச் சொல்லவில்லை. மோசடிப் புகார் எண்ணையும் எல்லா உரையாடல்களின் படங்களையும் சேர்த்து எழுத்தில் முறையீடு போட்டேன். சரியான பதில் வராவிட்டால் வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் நிதிக் குறைதீர்ப்பாளரிடம் போவேன், அங்கே கட்டணம் கிடையாது என்று கடைசி வரி எழுதினேன். அந்த வரிக்குத்தான் வேலை செய்தார்கள் என்று நினைக்கிறேன். ஜனவரியில் 240 பவுண்டு வந்தது. 100 பவுண்டு வரை பிடித்துக்கொள்ள விதியே அனுமதிக்கிறதாம், பிடித்துக்கொண்டார்கள். பணம் போய்ப் பதின்மூன்று மாதத்துக்குள் புகார் செய்ய வேண்டும் என்பதால், போன வருடம் ஏமாந்துவிட்டு வெட்கப்பட்டுச் சும்மா இருப்பவர்கள் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பந்தாட்டம் நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்றால், மெர்சி ஆற்றுக்கு அந்தப் பக்கம் பர்க்கன்ஹெட்டில் டிரான்மியர் ரோவர்ஸ் ஆடுகிறது. நான்காம் நிலை லீக்தான். பிப்ரவரியில் இருவரும் போனோம், முந்தின நாள் மாலை கிளப்பின் தளத்திலேயே டிக்கெட் கிடைத்தது. குளிர், மழை, மோசமான ஆட்டம். திருநெல்வேலிக்காரன் தொண்டை கட்டும் வரை கத்தினான்.

சித்தி மகளுக்கு ஒரே பதில்தான் போட்டேன்: அனுப்பியவரைச் சாதாரண போனில் கூப்பிடு. கூப்பிட்டாள். அவளுக்கு வீடியோ அனுப்பிய பெண்ணின் வாட்ஸ்அப் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது.