சிபியு ஆன் ஆகவில்லை: நாமே பார்ப்பதா, கடைக்குத் தூக்குவதா, புதிதாக வாங்குவதா?

2025 தீபாவளிக்கு முந்தின வாரம் கும்பகோணத்திலிருந்து சித்தப்பா போன் செய்தார். “சிபியு ஆன் ஆகலைப்பா. கடையில கேட்டேன், போர்டு போயிருக்கும், ஆறாயிரத்து ஐந்நூறு ஆகும்னு சொல்றாங்க. குடுத்துடவா?” போர்டு என்றால் மதர்போர்டு, எல்லாப் பாகமும் மாட்டியிருக்கும் பெரிய பலகை. அந்தக் கடைக்காரர் பெட்டியைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. விவரம் கேட்டே நோயைக் கண்டுபிடித்துவிட்டார்.

“பட்டனை அமுக்கினா உள்ளே ஃபேன் சுத்துதா சித்தப்பா?”

“சுத்தல. லைட்டும் எரியல.”

பாதி வேலை அங்கேயே முடிந்தது. ஏனென்றால் “ஆன் ஆகலை” என்று நாம் சொல்வது மூன்று தனித்தனி சங்கதிகள். பட்டனை அமுக்கினால் சத்தமே இல்லாதது ஒன்று. ஃபேன் சுற்றும், டிஸ்ப்ளே வராது என்பது இரண்டாவது. லோகோ வரை வந்து, விண்டோஸ் வராமல் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்பது மூன்றாவது. நாமே பார்ப்பதா, ஆளைக் கூப்பிடுவதா, கடைக்குக் கொண்டுபோவதா, கம்பெனி சர்வீஸா, புதுசா என்பதை, வண்டி இந்த மூன்றில் எங்கே நிற்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். யாரிடம் கொடுப்பது என்பதை முதலில் யோசித்தால் காசு வீண்.

உயிரே இல்லை என்றால்

வீட்டில் பார்க்கக்கூடியதை வீட்டில் பார்த்துவிடுவதே மேல். யுபிஎஸ்ஸை ஒதுக்கிவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் போட்டுப் பாருங்கள். யுபிஎஸ் உள்ளே இருக்கும் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும்; பழியைக் கம்ப்யூட்டர் சுமக்கும். கேபினட்டின் பின்பக்கம் எஸ்எம்பிஎஸ்ஸில், அதாவது சுவர் கரண்ட்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டியில், பெரும்பாலும் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். பெருக்கித் துடைக்கும்போது அது கை பட்டு அணைந்துபோன வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

அதெல்லாம் சரியாக இருந்தால் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல்தான். கடைகளில் செய்யும் ஒரு சோதனை உண்டு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, 24 பின் கனெக்டரை மதர்போர்டிலிருந்து கழற்றி, அதில் பச்சை ஒயரையும் ஏதாவது ஒரு கறுப்பு ஒயரையும் சின்னக் கம்பியால் இணைத்துவிட்டு, அப்புறம் கரண்ட் கொடுத்தால் எஸ்எம்பிஎஸ் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் அது அநேகமாகச் செத்துவிட்டது. ஆனால் சுற்றினால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. சுமை ஏதும் இல்லாமல் ஃபேனைச் சுற்றும் எஸ்எம்பிஎஸ், போர்டை மாட்டியதும் படுத்துவிடலாம். மல்ட்டிமீட்டர் இருந்தால் மஞ்சள் ஒயரில் 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள் வருகிறதா என்று பார்க்கலாம். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும்.

கடையின் மேன்மை இந்த இடத்தில்தான் தெரியும். நம்மைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும் என்பதல்ல காரணம். சில கடைகளில் தெரியாது. மாற்றிப் பார்க்க அவர்களிடம் பொருள் இருக்கிறது. ஹார்ட்வேர் கோளாறைக் கண்டுபிடிப்பதில் பெரும்பகுதி, நல்லது என்று தெரிந்த ஒரு பாகத்தை மாட்டிப் பார்ப்பதுதான். வீட்டில் யாரும் உதிரியாக ஒரு எஸ்எம்பிஎஸ், ஒரு ரேம், ஒரு போர்டு வைத்திருப்பதில்லை. சென்னையில் அண்ணா சாலையிலிருந்து திரும்பி ரிச்சி தெருவுக்குள் நுழைந்தால் அதெல்லாம் கடைக்குக் கடை குவிந்து கிடக்கிறது.

சரி, வீட்டுக்கு ஆளை வரவழைத்தால்? அவர் பையில் ஓரிரண்டு ரேமும் ஒரு பென்டிரைவும்தான் இருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸோ போர்டோ என்றால் கடைசியில் அவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டுதான் போவார். ஒரு விஷயத்தில் அவர் உசத்தி: யுபிஎஸ், பிளக் பாயின்ட், எர்த் எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே பார்ப்பார். “கடையில ஓடுச்சு சார், உங்க வீட்லதான் ஓடல” என்ற வழக்கே வராது.

சித்தப்பாவின் பெட்டி கடைசியில் தஞ்சாவூரில் வேறொரு கடைக்குப் போனது. எஸ்எம்பிஎஸ்தான். போர்டுக்கு ஒன்றுமில்லை.

ஃபேன் சுற்றும், டிஸ்ப்ளே வராது

இதில் வீட்டு வைத்தியத்துக்கு வெற்றி அதிகம். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை இருபது விநாடி அமுக்கிப் பிடியுங்கள். ரேமைக் கழற்றி அதன் தங்கநிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, தூசி தட்டி, ‘டக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக, வேறு வேறு ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். நம் ஊர் ஈரக்காற்றுக்கும் தூசிக்கும் இது அடிக்கடி வரும் தொல்லை. கடற்கரைப் பக்கத்து வீடுகளில் இன்னும் அதிகம்.

தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள பெட்டியில், மானிட்டர் ஒயரை அந்தக் கார்டில் செருகாமல் போர்டில் செருகியிருந்தாலும் திரை பெரும்பாலும் கறுப்பாகத்தான் இருக்கும். சிரிக்காதீர்கள், வெள்ளையடிப்பு முடிந்து மாட்டிய வீடுகளில் இது சகஜம்.

போர்டில் நாணயம் மாதிரி இருக்கும் சிஆர் 2032 செல் தீர்ந்தால், பெரும்பாலும் தேதி பின்னுக்குப் போகும், எஃப்1 அமுக்கச் சொல்லும். முழுதாகச் செத்துப்போவதற்கு அது அரிதாகவே காரணம். இருந்தாலும் மலிவான பொருள், மாற்றிவிடலாம். டிடிஆர்5 ரேம் போட்ட புதுப் பெட்டி என்றால் ஓர் எச்சரிக்கை: செல்லைக் கழற்றி மாட்டிய பிறகு முதல் தடவை டிஸ்ப்ளே வரச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். ரேமை அளந்து பழகுகிறது. பொறுமையில்லாமல் நடுவில் அணைத்துவிட்டு, ‘நானே கெடுத்துட்டேன்’ என்று பதறியவர்கள் உண்டு.

இத்தனைக்கும் மசியவில்லை என்றால் கேள்வி போர்டுக்கு வருகிறது. வாரன்டி இருந்தால் யோசிக்கவே வேண்டாம், கம்பெனிதான். அசெம்பிள் செய்த பெட்டியில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வாரன்டி. பில்லைத் தேடி எடுங்கள். வாரன்டி முடிந்திருந்தால் கம்பெனி சர்வீஸ் சென்டர் எனக்குப் பிடித்த வழியல்ல. அங்கே பழுது பார்ப்பது குறைவு, முழு போர்டையும் மாற்றுவதுதான் வழக்கம். சிப் லெவல் சர்வீஸ் செய்பவர், உப்பிப்போன ஒரு கெப்பாசிட்டரையோ கருகிய மாஸ்ஃபெட் என்ற சின்னப் பாகத்தையோ மட்டும் மாற்றி எழுப்பிவிடுவார். ஆனால் அதற்கு உத்தரவாதம் ஒரு மாதம் கொடுத்தாலே பெரிது.

விண்டோஸ் வரவில்லை என்றால்

கடைக்கும் வீட்டுக்கும் நிஜமான மோதல் இங்கேதான். கடையில் எதைச் சொன்னாலும் ஒரே மருந்து: “ஓஎஸ் போட்டுடலாம் சார்.” டிஸ்க்கை ஃபார்மட் அடித்து விண்டோஸைப் புதிதாகப் போடுவது அவர்களுக்கு ஒரு மணி நேர வேலை, நிச்சயமான வேலை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நட்டம் நமக்கு. “டி டிரைவ் அப்படியே இருக்கும் சார்” என்பார்கள், அது உண்மைதான். கல்யாண போட்டோ, பிள்ளையின் மார்க்‌ஷீட், வருமான வரிக் கணக்கு எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸிலும் போட்டு வைக்கிற குடும்பம் நாம். அவை இரண்டும் சி டிரைவில் இருக்கின்றன.

தமிழ் தட்டச்சு செய்பவர்களுக்கு இன்னொரு இழப்பு. பழைய பாமினி எழுத்துருவில் அடித்த கோப்புகள் பத்திரமாக இருந்தாலும், எழுத்துரு சி டிரைவோடு போய்விடும். திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துக் குவியல். சித்தப்பா கோயில் கணக்கை இருபது வருடமாகப் பாமினியில்தான் அடிக்கிறார்.

ஆகவே ஓஎஸ் போடச் சம்மதிக்கும் முன் வீட்டிலேயே நான்கு கதவுகளைத் தட்டலாம். லோகோ வந்து விண்டோஸ் ஏறத் தொடங்கும்போது பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் அடுத்த தடவை நீலத் திரையில் பழுதுபார்க்கும் பட்டியல் தானே வரும். அதில் ஸ்டார்ட்அப் ரிப்பேர் எனக்கு வேலை செய்தது குறைவு. பெரும்பாலும் ‘சரிசெய்ய முடியவில்லை’ என்று கைவிரிக்கும். கடைசியாக வந்த அப்டேட்டை நீக்கும் வசதி அதே பட்டியலில் இருக்கிறது, பலரும் கவனிப்பதில்லை. நேற்று அப்டேட் ஆகி இன்று வராமல் போனால் முதலில் அதைத்தான் தொடுவேன். கணினியின் அமைப்பை முந்தைய ஒரு தேதிக்குத் திருப்பும் சிஸ்டம் ரீஸ்டோர் மூன்றாவது. ரீசெட் கடைசி: ‘என் கோப்புகளை வைத்துக்கொள்’ என்று தேர்ந்தெடுத்தாலும் டேலி, பிரின்டர் மென்பொருள் எல்லாம் போய்விடும்.

அத்தியாவசியமானதை மட்டும் ஏற்றி விண்டோஸை எழுப்பும் சேஃப் மோடின் அருமையை 2024 ஜூலை 19 உலகத்துக்கே காட்டியது. கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தப்பான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் எழவே இல்லை. மருந்து என்ன? சேஃப் மோடில் போய் ஒரு கோப்பை அழிப்பது. அந்தக் கணினிகளுக்கு ஃபார்மட் தேவைப்படவில்லை. பலருக்குத் தடையாக நின்றது பிட்லாக்கர், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. அதன் 48 இலக்க எண் இல்லாமல் உள்ளே நுழைய முடியவில்லை. இப்போது வரும் விண்டோஸ் 11 பெட்டிகள் பலவற்றில் வீட்டிலும் இந்தப் பூட்டு தானாகவே விழுகிறது. கணினி நன்றாக ஓடும் நாளிலேயே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்துத் தாளில் எழுதி வையுங்கள்.

எதுவும் பலிக்கவில்லை என்றால், உபுண்டு, லினக்ஸ் மின்ட் மாதிரி இலவச ஓஎஸ் ஒன்றைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை எழுப்பி, கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட்டு, சி டிரைவின் ஃபான்ட்ஸ் கோப்புறையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, அப்புறம் கடைக்குப் போய் “தாராளமா ஃபார்மட் அடிங்க” என்று சொல்லலாம். ஹார்டு டிஸ்க் ‘டிக் டிக்’ என்று தட்டுகிறது என்றால் மட்டும் இதில் எதையும் முயலாதீர்கள். அணைத்துவிட்டு, டேட்டா ரெகவரி செய்பவரிடம் அப்படியே கொடுப்பதுதான் உத்தமம். வாரன்டியில் கம்பெனி வேறு டிஸ்க் தரும், உள்ளே இருந்ததைத் தராது.

புதுசா, பழசா

எஸ்எம்பிஎஸ், ரேம், செல் இவற்றில் ஒன்று என்றால் எவ்வளவு பழைய பெட்டியாக இருந்தாலும் சரிசெய்துகொள்ளலாம். ஹார்டு டிஸ்க் போனால் எஸ்எஸ்டி போடுங்கள், பெட்டி வயது குறைந்த மாதிரி ஓடும். போர்டு போனால்தான் கணக்குப் போட வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது; இன்டெல் பிராசசர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஏற்காது. மூன்றாம் தலைமுறைப் பெட்டிக்கு இன்றும் எச்61 போர்டு கிடைக்கும், மாட்டினால் ஓடவும் ஓடும். ஆனால் அதற்குக் கொடுக்கும் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால், ஆபீஸ்களிலிருந்து வெளியேறிய ரீஃபர்பிஷ்டு டெஸ்க்டாப் ஒன்று வாங்கிவிடலாம். எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோதானா என்று மட்டும் பெட்டியைத் திறந்து, ஆன் செய்து பார்த்து வாங்குங்கள்.

சித்தப்பாவுடையது மூன்றாம் தலைமுறை. புது எஸ்எம்பிஎஸ்ஸோடு ஓடிக்கொண்டிருக்கிறது. ஆதரவு முடிந்த விண்டோஸில் நெட் பாதுகாப்பில்லை என்பதால் நெட் ஒயரைப் பிடுங்கிவிடச் சொன்னேன், பிடுங்கிவிட்டார். ரீஃபர்பிஷ்டு பெட்டி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன் என்றேன். “ஓடுறப்ப எதுக்குப்பா?” என்றார். அடுத்த போன் வரும்வரை நானும் வற்புறுத்துவதாக இல்லை.