அரை மாதச் சம்பளம் கொடுத்து எழுதி வாங்கிய ரெஸ்யூமே, அதற்குள் வேறொருவரின் மெயில் முகவரி

முந்தாநாள் ராத்திரிதான் கண்டுபிடித்தேன். இன்னும் படபடப்பு அடங்கவில்லை, அதனால் கோர்வையாக வராமல் போகலாம். ஆறப்போட்டால் எழுதவே மாட்டேன் என்று தெரியும், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். விண்ணப்பம் போட்டுப் போட்டுச் சலித்து, காசு கொடுத்தாவது ரெஸ்யூமேயை மாற்றிக்கொள்ளலாமா என்று யோசிப்பவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். கடைசியில் என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்கிறேன்.

எனக்குக் கணக்குப் பிரிவில் 9 வருட அனுபவம். சப்ளையர் பில்களைச் சரிபார்ப்பது, பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு கணக்கை ஒத்துப்பார்ப்பது, மாதக் கடைசியில் கணக்கை முடித்துக் கொடுப்பது, இதுதான் வேலை. கம்பெனியில் ஆட்களைக் குறைத்தபோது நானும் வெளியே வந்துவிட்டேன். 4 மாதத்தில் 60 இடங்களுக்கு மேல் அனுப்பியிருப்பேன். பாதிப் பேர் பதிலே போடவில்லை. மீதிப் பேரிடமிருந்து ‘உங்கள் ஆர்வத்துக்கு நன்றி’ என்று தொடங்கும் அதே மெயில். முதல் வரியைப் பார்த்ததுமே மூடிவிடுகிற அளவுக்கு வந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான், ஆன்லைனில் ரெஸ்யூமே எழுதித் தரும் ஒரு சேவையின் விளம்பரம் கண்ணில் பட்டது. பெயரைச் சொல்லப் போவதில்லை. இவர்கள் நாளைக்கே வேறு பெயரில் வருவார்கள், ஆளைப் பிடிக்கும் விதத்தைத் தெரிந்துகொண்டால் போதும். இலவசமாக மார்க் போட்டுத் தருகிறோம் என்றார்கள். ரெஸ்யூமேயை ஏற்றினேன். 100-க்கு 38 என்று சிவப்பு எழுத்தில் வந்தது. ஒரு மணி நேரத்துக்குள் போன்.

“சார், உங்க ரெஸ்யூமேயைத் திறந்து வெச்சுக்கிட்டுத்தான் பேசறேன். உங்க வேலைல ஒரு குறையும் இல்ல சார். இந்தப் பேப்பர்தான் உங்களை மறைக்குது.”

நான் விழுந்தது இந்த இடத்தில்தான். 4 மாதமாக, குறை என்னிடம்தான் என்று மனசுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தேன், வீட்டில்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. முகம் தெரியாத ஒருவர், என் குறை இல்லை என்று சொன்னதும் தொண்டை அடைத்துக்கொண்டது. காசு பேச்சு வருவதற்கு முன்பே நான் ‘ரொம்ப தேங்க்ஸ் சார்’ என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அவர் என்ன சொன்னாலும் நம்பியிருப்பேன்.

நிறைய சொன்னார். 100 ரெஸ்யூமே வந்தால் அதில் 75, மனுஷர் கண்ணுக்கே போகாதாம், விண்ணப்பங்களை வாங்கிப் பிரிக்க நிறுவனங்கள் வைத்திருக்கும் சாஃப்ட்வேரே தள்ளிவிடுமாம். அப்படியே தப்பிப் போனாலும் ஹெச்ஆர் பார்ப்பது 7.4 விநாடிதானாம். இதை எல்லாம் பணம் கட்டிய பிறகுதான் நான் தேடிப் பார்த்தேன், அந்தக் கோபமும் என் மேலேயே இருக்கிறது. அந்த 75 எந்த ஆய்விலிருந்து வந்தது என்று யாராலும் காட்ட முடியவில்லை, இப்படி விற்பவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 7.4 மட்டும் உண்மையான எண். 2018-ல் லேடர்ஸ் என்ற வேலைவாய்ப்புத் தளம், ஹெச்ஆர் ஆட்களின் கண் எங்கெங்கே போகிறது என்று அளந்து பார்த்தபோது, முதல் பார்வைக்குச் சராசரியாக ஆன நேரம் அது. ஆனால் அதே ஆய்வில், தெளிவான தலைப்புகளோடு எளிமையாக இருந்த ரெஸ்யூமேக்கள்தான் நன்றாகப் போயின, பக்கத்தை இடம் வலமாகப் பல பத்தியாகப் பிரித்து நெருக்கியடித்தவை பின்தங்கின என்றும் இருக்கிறது. அதை அவர் சொல்லவில்லை.

கேட்ட தொகை என் பழைய சம்பளத்தில் சரிபாதி. வருமானமே இல்லாத நேரத்தில் அரை மாதச் சம்பளம். ‘60 நாள்ல இன்டர்வியூ வரலைன்னா பணம் வாபஸ் சார், நீங்க எதையும் இழக்கப் போறதில்ல’ என்றார். கட்டினேன்.

5-ம் நாள் ஃபைல் வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. இடது பக்கம் முழுக்கக் கருநீலப் பட்டை, போனுக்கும் மெயிலுக்கும் குட்டிக் குட்டிப் படங்கள், எக்செல் எவ்வளவு தெரியும் என்பதற்கு 5 வட்டத்தில் 4 நிரப்பியிருந்தது. மேலே ‘டைனமிக் ரிசல்ட்ஸ் டிரிவன் ஃபைனான்ஸ் புரொஃபஷனல்’. கீழே ‘செயல்பாட்டுச் செலவை 30 சதவீதம் குறைத்தவர்’. நான் குறைக்கவில்லையே என்று கேட்டேன். ‘எல்லாரும் போடறதுதான் சார், யாரும் கேக்க மாட்டாங்க’ என்றார்கள்.

கேட்டார்கள். 43 இடங்களுக்கு அந்த ரெஸ்யூமேயை அனுப்பி ஒரே ஒரு இன்டர்வியூ வந்தது, அதுவும் விண்ணப்பப் படிவத்தில் நானே தனியாக அடித்த போன் நம்பருக்கு. உட்கார்ந்து 10 நிமிடம் ஆகியிருக்காது. “எந்தச் செலவு, எவ்வளவிலிருந்து எவ்வளவு ஆச்சு?” என்றார் அந்த மேனேஜர். என்னால் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. அவர் கோபப்படவில்லை, மெதுவாகப் பேப்பரைத் திருப்பி வைத்துவிட்டார்.

நான் உண்மையில் செய்த வேலை ஒன்று இருக்கிறது. ஒரே சப்ளையர் பில் மெயிலில் ஒரு முறை, தாளில் ஒரு முறை என இரண்டு தடவை பதிவாகிப் பணமும் இரண்டு தடவை போய்க்கொண்டிருந்தது. பில் எண்ணின் முன்னால் ஒரு பூஜ்யம் விடுபட்டிருந்ததால் சிஸ்டம் அதை வேறு பில் என்று எடுத்துக்கொண்டது. உட்கார்ந்து தேடி, ஒரு வருடத்தில் அப்படி 11 பில்களைப் பிடித்துப் பணத்தைத் திரும்ப வாங்கினேன். இதைப் போட்டிருந்தால் அரை மணி நேரம் பேசியிருப்பேன். அரை மாதச் சம்பளம் வாங்கியவர்கள், ‘அங்கே என்ன செய்தீர்கள்’ என்று என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

திருத்தித் தரச் சொல்லி மெயில் போட்டேன். 24 மணி நேரத்தில் பதில் வரும் என்று தானாக ஒரு பதில். 4 நாள் கழித்து, எழுதியவர் லீவில் இருக்கிறார் என்றார்கள். அப்புறம், திருத்தம் கேட்க 7 நாள்தான் அவகாசம், அது முடிந்துவிட்டது என்றார்கள். என்னிடம் அவ்வளவு பரிவாகப் பேசியவரின் நம்பருக்குக் கூப்பிட்டேன். “நான் சேல்ஸ் சார், அது வேற டீம்” என்று வைத்துவிட்டார். அதே குரல்தான். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “ஒரு இன்டர்வியூ வந்துடுச்சே சார், கேரண்டி அதோட முடிஞ்சுது” என்று பதில். அடுத்த நாள் என் புகாரைத் ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடியிருந்தார்கள்.

முந்தாநாள் ராத்திரி, அந்த ஃபைலில் இருந்ததை எல்லாம் காப்பி செய்து வெறும் நோட்பேடில் ஒட்டிப் பார்த்தேன். நிறுவனத்தின் சாஃப்ட்வேர் படிப்பதும் ஏறக்குறைய இப்படி எழுத்தை மட்டும்தான். நான் வேலை பார்த்த வருடங்களுக்கு நடுவில் ‘டீம் ஒர்க்’ என்று கிடந்தது, வட்டங்களைக் காணோம். சரி, மெயில் முகவரியாவது ஒழுங்காக இருக்கிறதா என்று ஃபைலில் அதன்மேல் அழுத்தினேன். புது மெயில் திறந்தது. பெறுநர் இடத்தில் யாரோ ஒரு பெண்ணின் முகவரி.

கண்ணுக்குத் தெரிந்த எழுத்து என்னுடைய முகவரி, அடியில் இருந்த லிங்க் வேறொருவருடையது. அவருக்குச் செய்த ஃபைலின் மேலேயே என் பெயரை அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். 43 இடங்களுக்கு அப்படித்தான் போயிருக்கிறது.

அந்த முகவரிக்கு எழுதினேன். நேற்றுக் காலை பதில் வந்தது. அவரும் அதே சேவையிடம் பணம் கட்டியவர்தான். கணக்கு வேலைக்கு நேரில் வரச் சொல்லி 2 மெயில் வந்ததாம், தனக்குச் சம்பந்தமில்லாததால் ஏமாற்று மெயில் என்று அழித்துவிட்டாராம். எந்த நிறுவனங்கள் என்று கேட்டேன். நினைவில்லை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார், அவர் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. சுருக்கமாக: இலவசமாகப் போடும் மார்க்கை நம்பாதீர்கள். டேலியோ, வொர்க்டே, கிரீன்ஹவுஸ் என்று நிறுவனங்கள் வெவ்வேறு சாஃப்ட்வேர் வைத்திருக்கின்றன, எல்லாவற்றுக்கும் பொதுவான மார்க் என்று ஒன்று கிடையாது. தானாகத் தள்ளப்படுவது பெரும்பாலும் படிவத்தில் கேட்கும் ‘எத்தனை வருட அனுபவம்’ மாதிரியான கேள்விகளால்தான், அதைக் கவனித்து நிரப்புங்கள். பக்கத்தை இடம் வலமாகப் பிரிக்காமல், படம் இல்லாமல் வையுங்கள். நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ஒவ்வொரு லிங்க்கையும் அழுத்திப் பாருங்கள். நீங்கள் செய்யாததை யார் எழுதிக் கொடுத்தாலும் அனுப்பாதீர்கள். பணம் வாபஸ் என்றால் எந்த நிபந்தனையில் என்று எழுத்தில் வாங்காமல் கட்டாதீர்கள்.

அரை மாதச் சம்பளத்துக்காக, கார்டு கொடுத்த பேங்கில் புகார் போட்டிருக்கிறேன், அந்த ஃபைலையும் அவர்கள் அனுப்பிய மெயில்களையும் சேர்த்து. பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன். அந்த 43-ல் 9 இடங்களில் இன்னும் ஆள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பழைய ரெஸ்யூமேயையே எடுத்து, அந்த 11 பில் விஷயத்தை முதல் வரியாகப் போட்டு, இன்று ராத்திரிக்குள் அவர்களுக்கு மறுபடி அனுப்ப வேண்டும்.