செகண்ட் ஹேண்ட் 2500கே ப்ராசசர் வாங்கப் போறீங்களா, கடையிலயே பயாஸ திறந்து பாத்துருங்க

தங்கச்சி காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு வீடியோ எடிட் பண்ண கம்ப்யூட்டர் வேணும்னா, கையில காசு கம்மி, அதனால சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய் ஒரு கடைல இன்டெல் ஐ5 2500கே, மதர்போர்டு, 8 ஜிபி ராம் மூணும் சேத்து 6,500 ரூபாய்க்கு வாங்கிட்டு வந்தேன். நல்லா ஏமாந்துட்டேன். வேற யாரும் மாட்டிக்கக் கூடாதுன்னுதான் எழுதுறேன்.

2011 ஜனவரில வந்த ப்ராசசர் இது, 3.3 கிகாஹெர்ட்ஸ். கடைசில இருக்க அந்த 'கே'க்குத்தான் மவுசு, வேகத்த நிர்ணயிக்கிற மல்டிப்ளையர் லாக் கிடையாது, அதனால கம்பெனி வச்ச வேகத்துக்கு மேலயும் ஏத்தலாம், அதான் ஓவர்கிளாக். நல்ல கூலர் போட்டு நிதானமா ஏத்துனா 1.3 வோல்ட் சுத்தி 4.4, 4.5 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் நிறைய சிப் போகும். கடைக்காரர் என்ன சொன்னாருன்னா, "தம்பி, நானே ட்யூன் பண்ணி வச்சிருக்கேன், 4.8ல அசையாம ஓடும்". மானிட்டர என் பக்கம் திருப்பி ப்ராசசர் விவரம் காட்டுற சிபியு-இசட் சாஃப்ட்வேர்ல 4800 மெகாஹெர்ட்ஸ்னு காமிச்சாரு. அதே விண்டோல கோர் வோல்டேஜும் இருக்கும், அத நான் பாக்கவே இல்ல.

வீட்டுல ரெண்டு வாரம் ஓடுச்சு. அப்புறம் ரெண்டர் போட்டாலே ப்ளூ ஸ்கிரீன், வீயா அன்கரெக்டபிள் எரர்னு வரும், அதாவது ஹார்டுவேர் கோளாறு. சரின்னு ஆன் பண்றப்பவே டெலீட் கீய அமுக்கி, ப்ராசசர் செட்டிங் எல்லாம் இருக்க பயாஸ் உள்ள போனா வயிறு எரிஞ்சுது. மல்டிப்ளையர் 48, வோல்டேஜ் மேனுவல்ல 1.5, லோட் ஏறுறப்ப வோல்டேஜ் இறங்காம பிடிக்கிற லோட் லைன் உச்சத்துல, சும்மா இருக்கப்ப வேகத்தையும் வோல்டேஜையும் குறைக்கிற ஸ்பீட்ஸ்டெப் ஆஃப். அதாவது சும்மா டெஸ்க்டாப் பாத்துட்டு இருந்தாலும் முழு வோல்டேஜ் உள்ள போய்க்கிட்டே இருக்கும். வோல்டேஜ் ஏத்துனா சூடு நேர் கணக்குல ஏறாது, அதோட ஸ்கொயர்ல ஏறும், 1.2ல இருந்து 1.5க்குப் போய் 4.8லயும் ஓட்டுனா சிப் குடிக்கிற பவர் ரெண்டு மடங்குக்கு மேல போயிரும். இத்தனைக்கும் மேல இருந்தது பாக்ஸோட வர்ற சின்ன கூலர். கழட்டிப் பாத்தா சூட்ட கூலருக்குக் கடத்துற பேஸ்ட் காஞ்சு சுண்ணாம்பு மாதிரி உதிருது, நாலு பின்ல ஒண்ணு போர்டுல மாட்டவே இல்ல, தொட்டா ஆடுது.

எல்லாத்தையும் டீஃபால்ட்டுக்கு மாத்துனேன். புது பேஸ்ட் வச்சேன், கூலர் மாத்துனேன். அப்பவும் 3.3லயே ப்ளூ ஸ்கிரீன். ராம ஒவ்வொண்ணா மாத்தி மாத்தி போட்டும் பாத்துட்டேன். ஆஃப்செட்ல, அதாவது வழக்கமான வோல்டேஜுக்கு மேல, 0.08 வோல்ட் கூட்டுனப்புறம்தான் நிக்குது, அப்படின்னா எத்தனை மாசம் இப்படி வறுத்தெடுத்தாங்களோ, சிப் தேஞ்சு போச்சு. இனி இது திரும்பாது.

பயாஸ போட்டோ எடுத்துட்டு கடைக்குப் போனேன். "டெஸ்டிங் வாரண்டி மட்டும்தான் தம்பி, ஓவர்கிளாக் பண்ணது நீங்கதான்"னு முகத்துக்கு நேரா சொல்றாரு! அவரே காமிச்ச 4800 அது. பில்லு வாங்காதது என் தப்பு, ஆனா காசு கொடுத்தவன்கிட்ட இப்படி பேச எப்படித்தான் மனசு வருதோ.

வாங்கப் போறவங்க கடையிலயே பயாஸ் உள்ள போங்க. மல்டிப்ளையரும் வோல்டேஜும் என்னன்னு பாத்து போட்டோ எடுங்க, சேவ் பண்ண ப்ரொஃபைல் இருந்தா அதையும் திறங்க, வோல்டேஜ் 1.4க்கு மேல இருந்தா வேண்டாம்னு வந்துருங்க. அப்புறம் டீஃபால்ட் லோட் பண்ணிட்டு, ப்ராசசர முழு லோடுல சோதிக்கிற ப்ரைம்95 அரை மணி நேரம் ஓட விடுங்க, பக்கத்துலயே எச்டபிள்யூஇன்ஃபோ சாஃப்ட்வேர்ல டெம்பரேச்சர் பாருங்க, இந்த சிப்புக்கு 98 டிகிரிதான் எல்லை, அதத் தொட்டா தானா வேகத்தக் குறைச்சுக்கும். போர்டுல இருக்க சிப்செட் பி67னா, திருத்தி வந்த பி3 ரிவிஷனான்னும் கேளுங்க, முதல்ல வந்ததுல ஹார்டு டிஸ்க் மாட்டுற சாட்டா போர்ட்ல பிரச்சனைன்னு 2011லயே இன்டெல் திரும்ப வாங்குனாங்க. அரை மணி நேரமெல்லாம் ஓட்ட முடியாது தம்பின்னு சொன்னாங்கன்னா காச எடுத்து பாக்கெட்ல வச்சுட்டு அடுத்த கடைக்குப் போங்க.